ஒட்டகத்தின் இடது கை

நைனா,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். உனக்குப் படிக்க வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் எப்போதும் தாளில்தான் எழுதிவைத்தேன். அதை வாசித்துக் காட்டவும் எனக்குக் கூச்சம். கேட்க ஆள் இல்லாதபோது எழுதுவது கோழைத்தனம்தான். ஆனாலும் இன்று காலை நடந்ததை வேறு யாரிடம் சொல்வது?

ஒட்டகம் திரும்பி வந்துவிட்டான்.

விடியும் நேரத்தில் ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் ஆட்டம் தொடங்கியது. பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருக்கிற என் மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியிருந்தேன். அவன் சர்வ் போடப் பந்தை மேலே தூக்கினான். இடது கை நேராக நின்றது. பந்து இறங்கத் தொடங்கும்வரை தாழவே இல்லை. மைதானத்து ஓரப் பலகையில் வேகம் 211 என்று விழுந்தது. எண்ணை அட்டவணையில் ஏற்றிவிட்டு மேசை டிராயரைத் திறந்தேன். உன் தோளுக்கு நான் பொன்னேரியில் வாங்கிவந்த வலிமருந்து டியூப் அங்கேதான் கிடக்கிறது. பாதி பிதுக்கியது. உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்ததும் கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாடை வந்தது. கடைசி மூன்று வாரம் நீ அந்த வாடையோடுதான் வீட்டுக்குள் நடமாடினாய்.

என் வேலை இன்னதென்று இந்தக் குப்பத்தில் உனக்கு மட்டும்தான் புரிந்தது. அம்மாவுக்கு அது பந்து பார்க்கிற வேலை. டென்னிஸ் ஆட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு சர்வும் எவ்வளவு வேகம், எங்கே விழுந்தது, உள்ளேயா வெளியேயா என்று ஏற்ற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரின் இப்போதைய நிலையைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியைத்தான் நீ பெரிதாக மதித்தாய். நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன் என்று அழுதபோது, "நீ பேசலன்னா பரவால்ல. பாக்குற இல்ல, அது போதும் கண்ணு" என்றாய். வேலை கிடைத்த பிறகு அதையே ஊரெல்லாம் சொன்னாய்.

ஏரியில் வலை வீசிவிட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாய். காலைக் கழுவிக்கொண்டு, தட்டோடு என் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்காருவாய். திரையில் அவன் முதல்முறை வந்தபோதே பேர் வைத்துவிட்டாய். "கழுத்தப் பாரு, தண்ணி தேடிக்கினு வந்த ஒட்டகம் மாதிரி கீறான்." அதன்பிறகு அவனுடைய சொந்தப் பேர் நம் வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. பலகையில் எண் விழுவதற்கு முன்னால் நீ ஒரு எண் சொல்வாய். எதிராளிக்கு எண்பது, ஒட்டகத்துக்கு ஐநூறு. முதல் சர்வ் தவறினால் இரண்டாவது ஒன்று உண்டு என்று நான் சொன்னபோது மட்டும் உனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"ரெண்டாவது தபா வேற குடுக்குறானுங்களா? நம்ம ஏரில ஒரு வீச்சு தப்பிச்சின்னா மீனு நின்னுக்கினு இருக்குமா?"

இரண்டாவதை அவர்கள் மெதுவாகப் போடுவதையும் நீ கவனித்தாய். பயம் வந்துவிட்டது, அதனால்தான் என்று சிரித்தாய்.

ஐப்பசியில் ஒட்டகத்தின் வேகம் இறங்கத் தொடங்கியது. எப்போதும் இருநூறுக்கு மேலே இருப்பவன், ஆட்டத்துக்கு ஆட்டம் கீழே வந்தான். பந்தைத் தூக்கும் இடது கை சீக்கிரமே தாழ்வதைப் பார்த்தேன். அது தாழ்ந்தால் உடம்பு முழுவதும் முன்னால் சரிந்துவிடும், வலது கையால் எவ்வளவு முயன்றாலும் வேகம் வராது. இடது தோளில் ஏதோ வலி, இரண்டு மாத ஓய்வு தேவைப்படலாம் என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அவனே அதைச் சொன்னான், விலகிக்கொண்டான். எல்லோரும் இருந்த வீடியோ கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பாராட்டினார். நான் மைக்கைத் திறக்காமலே நன்றி என்று எழுதினேன். உன்னிடம் வந்து சொன்னபோதுதான் எனக்குச் சத்தமே வந்தது.

அந்த வாரம்தான் நீயும் தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தாய்.

நீ வீசுவதை நான் போன தை மாதம் போனில் எடுத்திருந்தேன். பூநாரை பார்க்க வந்த கூட்டம் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன்னை எடுத்தேன். ஈர வலையின் ஒரு பங்கை இடது முழங்கையில் ஏந்தி, ஓரத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி வீசினாய். வலை வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. ஐப்பசியில் மறுபடி எடுத்தேன். இரண்டையும் லேப்டாப்பில் மெதுவாக ஓடவிட்டேன். இப்போது உன் இடது முழங்கை பாதித் திருப்பத்திலேயே கீழே இறங்கியது. வலை வட்டமாகவில்லை, பிறைபோல் ஒரு பக்கமாக விழுந்தது.

அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். ஒரு பக்கம் ஒட்டகத்தையும் மறு பக்கம் உன்னையும் வைத்து, வேலையில் செய்வதுபோல் இருவர் கையிலும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டினேன். சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். இதைக் கன்னியப்பன் மாமாவுக்குக் காட்டு என்றாய். நான் மாட்டேன் என்றேன். பக்கத்துத் தடத்தில் வலை போடுகிற அவர் கேலி பேசியே என்னைக் கொன்றுவிடுவார் என்று எனக்குப் பயம்.

"அப்போ எனுக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே நோவா?"

"ஒரே நோவுதான் நைனா. தோள்பட்டை தேஞ்சிருக்கு. கொஞ்ச நாள் வலைய தூக்காத, சரியாப் போயிடும்."

இவ்வளவு நீளமாக, இவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. நீ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வலி இல்லை. பெருமைதான் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மா உன்னைச் செவ்வாய்க்கிழமை பொன்னேரிக்கு டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கச் சொல்லிவிட்டு, புதுப்புடவை கட்டி நின்றாள். நீ வரமாட்டேன் என்றாய். எனக்குத் தெரியும், ஒன்றுமில்லை, தோள்தான் என்றாய். "இன்னா தெரியும் உனுக்கு, நீ இன்னா படிச்சிருக்க?" என்று கேட்டாள். நீ என் பேரை இழுக்கவில்லை. நான் உள்ளே ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் என் மேல் பாய்ந்திருப்பாள். நீ டாக்டரா என்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு உன்னைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றியிருப்பாள்.

மூன்று நாள் ஓய்வெடுத்தாய். நாலாம் நாள் சின்ன வலையை எடுத்துக்கொண்டு போனாய். நானும் கரைக்கு வந்தேன். முதல் இரண்டு வீச்சு நன்றாகவே விரிந்தன. கரையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். நீ தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒட்டகம்போல் கழுத்தை நீட்டிக் காட்டினாய்.

நான் எதையெல்லாம் பார்த்தேன் என்று இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது. மழை விட்ட குளிரில் உன் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீரிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு இடத்தில் குந்தினாய். கேட்டதற்குக் காலில் சிப்பி குத்திவிட்டது என்றாய். காலில் ஒன்றும் இல்லை. சோற்றைப் பாதியில் நகர்த்தினாய். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்தபடி தூங்கினாய். எல்லாவற்றையும் பார்த்தேன் நைனா. என் அட்டவணையில் கைக்கும் தோளுக்கும் வேகத்துக்கும்தான் கட்டம் இருந்தது. வியர்வைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைப் பார்த்தும் எங்கேயும் நான் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வேறொரு ஆட்டத்தில் இருந்தேன். யாரோ ஒரு பெண்ணின் சர்வ், வேகம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே ஓடிவரும் சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. கன்னியப்பன் மாமாவும் இன்னொருவரும் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலை உன் இடது கையில் சுற்றியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்த டாக்டர் சட்டையைத் திறந்து பார்த்தார், அம்மாவிடம் சில கேள்விகள் கேட்டார். நெஞ்சுதான், அந்த இடது கை வலி அதனுடையதுதான், கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் பந்தலைப் பிரிக்கும்போது கன்னியப்பன் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போதும் கிண்டல் பேசுகிற மனிதர், அன்றைக்குத் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். அன்றைக்கு உன் வலை விரியாமல் மூட்டையாக விழுந்ததாம். "இன்னா மாமா, வலைய வுட்டுட்டு துணி தொவைக்கிறியா?" என்று கத்தினாராம். நீ திரும்பாததால் இன்னொரு முறையும் கேலி செய்தாராம். அதைச் சொல்லி அழுதார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொன்னார்.

"உன் பேச்சின்னா அவருக்கு வேதம்மா. பொன்னேரிக்கு ஏன் போலன்னு கேட்டேன். என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கோடு போட்டுப் பாத்து சொல்லிச்சு, டாக்டருக்கு இதுக்கு மேல இன்னா தெரியும்னாரு. ஊட்ல சொல்லாத, அவ புள்ளைய திட்டுவான்னு வேற சொன்னாரு."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை.

வேலையை விடவில்லை, விட முடியாது. ஒரு மாற்றம் மட்டும் வந்திருக்கிறது. கை தாழ்ந்தால் கை தாழ்கிறது என்று எழுதுகிறேன். வேகம் குறைந்தால் குறைந்திருக்கிறது என்று எழுதுகிறேன். காரணம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று போடுகிறேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. நம் குறிப்பை வாங்குகிறவர்கள் காரணம்தான் கேட்கிறார்கள், தோள்பட்டை என்று போட்டால் போதும் என்கிறார். போன வாரம் இதற்காகக் கூப்பிட்டுக் கேட்டார். முதல்முறையாக மைக்கைத் திறந்தேன். எனக்குத் தெரியாது சார் என்றேன். நீ இருந்திருந்தால் அதையும் ஊரெல்லாம் சொல்லியிருப்பாய்.

ஒட்டகம் இன்றைக்கு ஜெயித்துவிட்டான். அவனைப் பற்றி நான் எழுதியது சரியாகவே இருந்தது. தோள்தான், ஓய்வுதான், இரண்டு மாதம்தான். அந்த வலிமருந்து டியூபைத் தூக்கிப்போட எத்தனையோ முறை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். இன்றும் வைத்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இதோ, பின்பக்கம் அம்மா நண்டு உடைக்கிற சத்தம் கேட்கிறது. அவள் தினமும் உன்னைத் திட்டுகிறாள், உனக்குத் தெரியுமா? விளக்கு வைக்கும்போது உன் படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். "சொன்னத கேட்டியா? பஸ் ஏற மாட்டேன்னு நின்ன இல்ல, மண்டகனம் புடிச்ச மனுஷா. எங்கள வுட்டுட்டு இப்போ படத்துல சிரிச்சிக்கினு கீற." வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறாள். பிடிவாதத்தால் செத்தான் என்று ஊரும் சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதமாக நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்காக நீ வாங்கிக்கொண்ட திட்டு முடியவே இல்லை.

நாளைக்கு எனக்கு ஆட்டம் இல்லை. காலையில் அவளோடு பின்பக்கம் உட்காரப் போகிறேன். அந்த இரண்டு படத்தையும் சிவப்புக் கோட்டையும் அவளுக்குக் காட்டி, நான் சொன்னதை அப்படியே சொல்லப் போகிறேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அடித்தாலும் அடிப்பாள். ஒருவேளை ஒன்றுமே சொல்லாமல் நண்டை உடைத்துக்கொண்டே இருப்பாள். அதற்குத்தான் எனக்கு அதிகப் பயம்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் நைனா. அவள் என் மேல் கையை ஓங்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் நடுவில் வந்து நின்று, "புள்ளைய ஒன்னும் சொல்லாத" என்பாய். அவளும் கையை இறக்கிவிடுவாள். உன் படம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. நீ சொல்வது இப்போதும் அவளுக்குக் கேட்கும். நாளைக்கு மட்டும் எனக்காகப் பேசாதே. அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கட்டும்.