அண்ணன் வைத்துவிட்டுப் போன பதினெட்டு

என் அருமை அருளண்ணே,

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நம் குடும்ப வரலாற்றை யாராவது எழுத முன்வந்தால், இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும். அம்மாவின் அறையில் உள்ள ஏசியின் ரிமோட்டில் பதினெட்டு என்று இருந்த எண் இருபத்தேழாக மாற்றப்பட்டது. முடிவெடுத்தது அம்மா. பொத்தானை ஒன்பது முறை அழுத்தியதும் அம்மா. பக்கத்தில் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று நீ கேட்கலாம். நீ விடுப்பில் வந்தாய், ஏசியை மாட்டினாய், அன்று சாயங்காலமே குவைத்துக்குக் கிளம்பிவிட்டாய். மறுபடி நீ வந்தது பெட்டியில். அதன் பிறகு அந்தப் பதினெட்டை யாரும் தொட முடியவில்லை. நீ கடைசியாகக் கை வைத்தது அது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ரிமோட் இப்போது உன் படத்துக்குக் கீழே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அம்மா ஏசியை ஏசி என்று சொல்வதில்லை. “அவனைப் போடுலே” என்பாள். நிறுத்தும்போது, “போதும்ப்பா, கொஞ்ச நேரம் ஓஞ்சு இரு” என்று அதனிடமே சொல்லிவிட்டு நிறுத்துவாள்.

அதே அறையில் ஒரு ஃபேனும் இருக்கிறது. அதை வாங்கி மாட்டியது நான். உன் ஏசி வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஃபேன்தான். அதற்குப் பெயர் கிடையாது.

பொறாமையில் பேசுகிறேன் என்று நீ நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் உன் படத்தைப் பார்த்தார்கள், அடுத்தபடியாக ஏசியைப் பார்த்தார்கள். “பெரியவன் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டானே” என்று அம்மா சொல்ல, எல்லோரும் அதன் கீழே நின்று அழுதார்கள். நல்ல குளிர்ச்சி என்பதால் சிலர் கொஞ்சம் கூடுதலாகவே அழுதார்கள். ஃபேனை வாங்கியது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

நான் இங்கேயே இருக்கிறேன். தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிவிட்டு, சாயங்காலம் மீனும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். நீ வாரத்துக்கு ஒரு முறை போன் செய்தால் அம்மா தெருவுக்கே சொல்வாள். தண்ணீர் குடித்தாயா என்று கேட்க நான் ஒரு நாளைக்கு நாலு முறை கூப்பிட்டால், “இவன் ஒருத்தன்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். தினமும் வருகிறவனை யார் வாசலுக்கு வந்து வரவேற்பார்கள்?

சரி, பதினெட்டுக்கு வருகிறேன்.

மதியம் சாப்பிட்டதும் அம்மா கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைப்பாள். ஏசியைப் போடுவாள். நீ குவைத்திலிருந்து கொண்டுவந்த, புலிப்படம் போட்ட கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்வாள். மே மாதம், ராமேஸ்வரம் தீவு, கம்பளி. ஒரு மணி நேரத்தில் கால் விறைத்துவிடும். நிறுத்துவாள். கால் விறைத்ததால் அல்ல, நீ களைத்துப் போவாய் என்பதால். பிறகு ஃபேனைப் போடமாட்டாள். ஜன்னலையும் திறக்கமாட்டாள், உள்ளே இருக்கும் குளிர் போய்விடுமாம். காலையிலிருந்து வாங்கி வைத்திருந்த வெயிலை மேல்தளம் அதற்கப்புறம் நிதானமாக இறக்க ஆரம்பிக்கும்.

“ரெண்டையும் சேத்துப் போட்டா என்னம்மா?” என்று கேட்டேன்.

“ஏலே, அவன் பாடுபட்டுக் குளுரக் கொண்டாந்து சேக்குறான். நீ அதைக் கலைச்சு விடுவியா?”

“நான் இல்லம்மா, ஃபேன்.”

“அதத்தான் சொல்றேன்.”

அந்த ஒரு மணி நேரமும் வெளியே மாட்டியிருக்கும் பெட்டி நிற்காமல் இரையும். மேல்தளம் அனலாக இருக்கும்போது அதனால் பதினெட்டை எட்டவே முடியாது. மீட்டர் பார்க்க வந்தவர் எண்ணைக் குறித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஐஸ் கம்பெனி ஏதும் நடத்துறீங்களா சார்?” என்றார். இல்லை, அண்ணன் ஞாபகம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கட்டணம் போகட்டும். ஒரு நாள் எனக்கு விடுமுறை. மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து அறைக் கதவைத் திறந்தேன். ஏசி நின்றிருந்தது. ஃபேன் நின்றிருந்தது. அம்மா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கம்பளிக்குள் கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கம்பளியை உருவிப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்தேன். அவள் என் முகத்தைத் தடவினாள்.

“அருளு... எப்பப்பா வந்தே?”

“இப்பத்தாம்மா.”

“சாப்புட்டியா?”

“சாப்புட்டேம்மா.”

வேறு என்ன சொல்வது? அவ்வளவு வாஞ்சையாக அவள் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டோ வரும்வரை நீயாகவே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் ஒரு பெண். “வயசானவங்களுக்குச் சூடு ஏறுறதும் தெரியாது, தாகமும் தெரியாது. பிரஷர் மாத்திரை வேற சாப்புடுறாங்க. ஏசி நல்லதுதான் சார். ஆனா பனிக்கட்டியா வச்சுட்டு அணைக்காதீங்க. இருபத்தாறு, இருபத்தேழுல வைங்க, ஃபேனை மெதுவாச் சேத்துப் போடுங்க, வெயில் தாழுற வரைக்கும் ஓடட்டும். கரண்டும் அவ்வளவு இழுக்காது. கேக்காட்டியும் தண்ணி குடுங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா காப்பாத்திருவேன்னு நான் சொல்லமாட்டேன்” என்றார். எல்லாவற்றையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. ஆனாலும் ஃபேன் என்ற சொல்லை ஒரு மருத்துவர் வாயால் கேட்டபோது உண்டான நிறைவை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டாக்டரைத் தள்ளுபடி செய்தாள்.

“அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? நம்ம அருளு வெளிநாட்டுல ஏசிக்குள்ளயே இருந்தவன். தெரியாமயா பதினெட்டு வச்சான்?”

நீ அங்கே வெயிலில் குழாய் பதித்துக்கொண்டிருந்தாய் என்று அவளிடம் நீ சொன்னதே இல்லை. நானும் சொல்லவில்லை.

எண்ணை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தேன். மொட்டை மாடியில் வெள்ளை அடித்தேன். அம்மாவின் அறைக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டினேன். அறை உண்மையிலேயே குளிர்ந்தது. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அவன் இப்ப நல்லாக் குளுர வைக்கிறான்ல?” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போன நேரத்தில் எண்ணை இருபத்தேழாக மாற்றினேன். திரும்பி வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். “யாருலே இதத் தொட்டது?” இரண்டே பேர் வசிக்கும் வீட்டில் விசாரணை நடந்தது. அன்று சாயங்காலம் பதினெட்டு மீண்டும் பதவியேற்றது. மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் சரியான தட்டில் வைக்கவில்லை. அடைத்த அந்த அறையே கண்ணில் நின்றது. அடுத்த முறை நான் கதவைத் திறக்கும்போது அவள் எப்பப்பா வந்தே என்று கேட்பாளா, கேட்கமாட்டாளா?

அப்போதுதான் உனக்கு உடம்புக்கு வந்தது. அதாவது, ஏசிக்கு.

“அவனுக்கு மேலுக்கு முடியலபோல, ரொம்ப இரையுறான். ஆளை வரச்சொல்லு” என்றாள் அம்மா. நம் ஊர் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளைத் தின்றிருந்தது. ஏசியை மாட்டிய அதே மெக்கானிக் கணேசன்தான் செவ்வாய்க்கிழமை வந்தார். ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, நோயாளியின் தாயார் பார்க்கும் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து, ஓட்டிப் பார்க்க ரிமோட்டைக் கேட்டு வாங்கியவர் சிரித்தார்.

“என்னண்ணே, இன்னும் பதினெட்டுலயே கிடக்கு? இது நான் வச்சதுல்ல?”

“நீ வச்சதா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. மாட்டுன அன்னைக்கு நல்லா ஓடுதான்னு பாக்க, கடைசி வரைக்கும் இறக்கித்தான் வைப்போம். பெரியண்ணன் இங்கனதான் நின்னாரு. ‘எங்கம்மா இதத் தாங்காது, நாங்க தங்குற கேம்ப்புல இருபத்தேழு வச்சு ஃபேனையும் சேத்துப் போட்டுக்குவோம், அப்புடியே வச்சுரு’ன்னாரு. முதல்ல ரூம் குளுரட்டும்ணே, அப்புறம் மாத்திக்கங்கன்னேன். அதுக்குள்ள ஏர்போர்ட் போக வண்டி வந்துருச்சு.”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “ஃபேனைச் சேத்தா? அவனா சொன்னான்?”

“அவருதாம்மா. நான்கூட, ஃபேனு பழசா இருக்கே, புதுசு மாத்திரலாமான்னு கேட்டேன். ‘அதத் தொடாத. அது எந்தம்பி வாங்குனது. சத்தமே வராது, அது பாட்டுக்கு ஓடும்’னாரு.”

ஏணியில் அப்போது யாரும் இல்லை. நான் பிடித்த பிடியை விடவில்லை.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏலே சூசை, இத நீ முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

“எதம்மா?”

“அருளு இருபத்தேழு வைக்கச் சொன்னான்னு.”

கணேசனிடமிருந்து ரிமோட்டை வாங்கினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏசி ஒரு முறை கூவியது. இருபத்தேழு வந்ததும் நிறுத்தி, உன் படத்தைப் பார்த்து, சரியா என்பது போலத் தலையசைத்தாள். பிறகு மேலே கை காட்டி, “அதையும் போடு” என்றாள்.

போட்டேன்.

அண்ணே, ஒரு மருத்துவர் சொல்லிப் பார்த்தார். நான் சொல்லி, கெஞ்சி, மாடியேறி வெள்ளை அடித்தும் பார்த்தேன். நீ செத்துப்போய், இன்னொருவர் வாயால், ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிட்டாய். எனக்கு ஆத்திரம் வராதா? உயிரோடு இருப்பவன் சொல்வதற்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஃபேனைப் பற்றிக் கணேசனிடம் சொன்னாயே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? எத்தனை வருடம் அதன் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாய். விடுப்பில் வரும்போதெல்லாம் “என்னடா, இன்னும் அதே லைப்ரரியா?” என்றுதானே கேட்டாய்? அன்று நீ அதைச் சொன்ன நேரத்தில் நான் தெருமுனையில் உனக்கு வண்டி பிடிக்கப் போயிருந்தேன். சீக்கிரமாகவே கிடைத்துவிட்டது. ஏறு ஏறு, பிளேன் போயிரும் என்று உன்னை அவசரப்படுத்தியதும் நான்தான்.

இங்கே மற்ற செய்திகள் நல்ல செய்திகளே. மதினியும் உன் பிள்ளைகளும் திருச்சியில் நலம். செவ்வாய்க்கிழமையிலிருந்து மதியம் முழுவதும் இரண்டும் ஓடுகின்றன. வெளிப்பெட்டி இரைவதில்லை, விட்டு விட்டு ஓடுகிறது. நான் போன் செய்தால் தண்ணீர் குடித்துவிட்டேன் என்கிறாள் அம்மா. வந்து செம்பைப் பார்த்தால் உண்மையாகவே குறைந்திருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன பெரியம்மா, ஏசியும் போட்டு ஃபேனும் போட்டுருக்கீக?” என்று கேட்டதற்கு, “ஆமா, ரெண்டு பேரும் ஓடுறாங்க” என்றாள். யார் யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு தவறாமல் ஏசியின் வடிகட்டியைக் கழுவுவேன். வெளிப்பெட்டியில் உப்புப் படியவிடமாட்டேன். கரண்ட் போனால் உடனே ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், நீ சொன்னதாக. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டால் முதல் வேலையாக இருபத்தேழு வைப்பேன். அது நீ வைத்த எண் என்றே கேட்பவர்களிடம் சொல்வேன். பொறாமைப்படுவதை நிறுத்துவதாக மட்டும் வாக்களிக்க முடியாது. அந்த ஃபேன் மாதிரி அதுவும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்று காலை அம்மா அந்தப் புலிக் கம்பளியை வெயிலில் உலர்த்தி, மடித்து, அந்துருண்டை போட்டு, பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சூசை