ஓட்டாத நாற்பத்தொன்பது மணி நேரம்

கௌரா,
ஜூலை 14

அன்புள்ள டாம்சின்,

நான் நலம். லியான் அத்தை வீட்டில் குளிர் எப்படி? இங்கே மூன்று நாளாக மழை. ஆடுகளை மேட்டு வயலுக்கு மாற்றிவிட்டேன்.

மூன்று முறை போன் செய்தும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உரிமத் தேர்வுக்கு முன்னால் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து நூற்றிருபது மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். நீ ஓட்டியது எழுபத்தொன்று. மீதியை நான்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினேன், சந்தேகம் வராமலிருக்க இரண்டு பேனாக்களால். "மழை, மண் சாலை" என்று ஒன்பது இடத்தில் எழுதினேன். நீ தயங்கினாய். "அப்பா, இது தப்பில்லையா?" என்றாய். "எல்லாரும் செய்யறதுதான், கையெழுத்தப் போடு" என்றேன். அதற்கு முன் எத்தனையோ மழை நாளில் நீ சாவியோடு வந்து நின்றாய். "இப்பதான் வேலை முடிஞ்சு உக்காந்தேன், நாளைக்குப் பாக்கலாம்" என்று சோபாவில் சாய்ந்துவிட்டேன்.

ஏப்ரலில், உரிமம் வாங்கிய பதினெட்டாம் நாள், பள்ளி விட்டதும் உன் சிநேகிதி மேவை அவள் வீட்டில் விடப் போனாய். மழை. மண் சாலை வளைவில் வண்டி வழுக்கியதும் பிரேக்கை ஓங்கி மிதித்தாய். அப்படி மிதிக்கக் கூடாதென்று நான் உனக்குச் சொல்லித் தந்ததே இல்லை. மேவின் இடுப்பெலும்பு முறிந்தது.

போலீஸ் கேட்டபோது, "நூத்திருபது மணி நேரமும் அப்பாதான் பக்கத்துல இருந்தாரு" என்றாய். நான் தலையாட்டினேன். திரும்பும்போது காரில், "ரெண்டு பேரும் மாட்டணுமா என்ன?" என்று நீ சொன்னபோதும் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தேன். "திமிர் பிடிச்ச பொண்ணு, வண்டிய வேகமாப் பறக்க விட்டிருப்பா" என்று கடையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊர்ப் பேச்சு தாங்காமல் நீ ஹோபார்ட்டில் அத்தை வீட்டுக்குக் கப்பலேறினாய். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

நேற்று ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என் மேல் வழக்கு வரும். அங்கிருந்து மேவ் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நோரீன் வாசலிலேயே நிறுத்தி, முழுவதையும் கேட்டாள். "மூணு மாசமா உன் பொண்ணத் திட்டித் தீத்திருக்கேன் கோர்டன். நீ கேட்டுக்கிட்டு சும்மாவா இருந்த?" ஆமாம் என்றேன். கதவைச் சாத்தினாள்.

படியிறங்கும்போது ஜன்னலைத் திறந்து மேவ் கூப்பிட்டாள். ஊன்றுகோலோடு நடக்கிறாள். "அவ ஏன் என் மெசேஜுக்குப் பதிலே போடல? இனியும் போடலேன்னா நொண்டிக்கிட்டே ஹோபார்ட் வந்து நிப்பேன்னு சொல்லுங்க" என்றாள்.

போலீஸ் உன்னையும் திரும்பக் கேட்கும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல். எனக்காக ஒரு வார்த்தையும் குறைக்காதே.

வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. மேவுக்கு மட்டும் இன்றைக்கே பதில் போடு, கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

தலைகுனிந்து,
உன் அப்பா
கோர்டன்