சும்மா இருக்கும் இருநூற்றுப் பதினான்கு பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராம்கி எழுதுவது. நானும் அனுசியாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மச்சானும் அப்படியே இருக்க ஆண்டாள் துணை. போனில் பேசலாம் என்றால் உன் பக்கம் தறி ஓடுகிறது, என் பக்கம் மீட்டிங் ஓடுகிறது. காலேஜ் ஹாஸ்டலிலிருந்து உனக்கு எழுதுவேனே, அதேபோல எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு நல்ல சேதி. ஊர்களுக்கு அரசு மானியம் கேட்டு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில் என்று உனக்குத் தெரியும். இந்தமுறை நம் ராஜபாளையத்துக்கே தயாரிக்கிறோம், அதுவும் என் பொறுப்பில். மானியம் கிடைத்தால் பேண்டேஜ் வெட்டி, சுற்றி, பேக் செய்ய ஒரு பெரிய கூடம் வரும். இருநூறு பெண்களுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., உட்கார்ந்து சாப்பிட இடம், சுத்தமான கக்கூஸ். வாசலில் குனிந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிகிற பிழைப்பு முடிந்துவிடும்.

அதற்கு உன் உதவி வேண்டும். கணக்கெடுப்புப் பாரங்கள் அனுப்பியிருக்கிறேன். மகளிர் குழுச் செயலாளர் நீ போனால்தான் பெண்கள் வாய் திறப்பார்கள். பெயர், வயது, ஆதார் எண் எழுதிக்கொள். பிறகு, "என்ன வேலை பாக்கீக?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர்கள் சொல்வதை அப்படியே எழுது. நீயாக எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கீழே கையெழுத்து.

மாதக் கடைசிக்குள் வேண்டும் அக்கா. உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

உன் பிரியமுள்ள தம்பி,
ராம்கி


ராஜபாளையம்
26.02.2024

அன்புத் தம்பி ராம்கிக்கு,

அக்கா பாண்டீஸ்வரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பதினோரு கிலோமீட்டரில் இருந்துகொண்டு தபால்காரர் கையில் பாசத்தைக் கொடுத்தனுப்புகிற தம்பி இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். உனக்காக வைத்த கரும்பு காய்ந்து விறகாகிவிட்டது. போகட்டும்.

நீ சொன்ன வேலை முடிந்தது. பத்து நாள், நாலு தெரு, இருநூற்றுப் பதினான்கு பேர். கால் வீங்கிவிட்டது. ஆனால் சிரிப்பும் வந்தது, கேள். வெள்ளைத்தாயிடம் போய், "ஏட்டி, என்ன வேல பாக்கே?" என்று கேட்டேன். மடி நிறைய பேண்டேஜ், தலைமுடி எல்லாம் பஞ்சு, கை ஒரு நிமிஷம் நிற்கவில்லை. "என்னத்த வேல, சும்மாதான் இருக்கேன்" என்றாள். பிச்சையம்மாள் அத்தை முந்நூறு ரோல் சுற்றி வாசலில் அடுக்கிவிட்டு, "சும்மா இருக்கவகிட்ட வந்து என்னட்டி கேள்வி?" என்கிறாள். நான்கு தெருவிலும் இதே பாட்டுத்தான். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆம்பிளை வெளியே போய்ச் செய்தால் வேலை, நாங்கள் வீட்டில் இருந்து செய்தால் சும்மா.

நீ சொன்னபடி எல்லாருக்கும் 'சும்மா இருக்கிறார்' என்றே எழுதியிருக்கிறேன். பேண்டேஜ் சுற்றுகிறவர்கள் என்பதை நீ சேர்த்துக்கொள். உனக்குச் சொல்லவா வேண்டும்? பத்தாம் வகுப்பு லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றி, நுனியைச் சரியாக மடக்காமல் முதலாளியிடம் என்னைத் திட்டு வாங்க வைத்தவன்தானே நீ. பாரத்தின் மேலே இங்கிலீஷில் என்னவோ அடித்திருக்கிறது. அதில் ராஜபாளையம் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

கூடத்தில் ஃபேன் உண்டா என்று வெள்ளைத்தாய் கேட்கச் சொன்னாள். மாடல் பார்த்து இரண்டு சேலை எடுத்து வைக்கப்போகிறாளாம், மாதச் சம்பளக்காரி ஆகப்போகிறாள் இல்லையா.

உன் அக்கா,
பாண்டீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
09.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! ஏழு ஊர் போட்டியிட்டதில் நம் ஊருக்கு மானியம். முதல் தவணை வந்து, கூடத்துக்கு அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். உன் பாரங்களைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள், இவ்வளவு சுத்தமான கணக்கெடுப்பு வேறு எந்த ஊரிலிருந்தும் வரவில்லையாம். என்னை மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள்.

ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க வந்தபோது வீட்டுக்கு வந்தாயாம், அனுசியா சொன்னாள். நான் சென்னையில் இருந்தேன். தப்பாக நினைக்காதே. அரைக் கிலோ பால்கோவா கொடுத்தனுப்புகிறேன். வெள்ளைத்தாயிடம் சொல், ஃபேன் உண்டு.

அன்புடன்,
ராம்கி


ராஜபாளையம்
19.01.2025

தம்பி ராம்கிக்கு,

பால்கோவா தின்ற வாயால் இதை எழுதவேண்டி வந்துவிட்டது.

கார்த்திகை மாதம் வெள்ளைத்தாய்க்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. குடோனில் கட்டிங் மெஷினுக்கு ஆள் வரவில்லை என்று முதலாளி கூப்பிட்டார், போனாள். ரோலோடு விரலும் போனது. "அவ எங்க ஆள் இல்ல, சும்மா ஒத்தாசைக்கு வந்தா" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். சரி, தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதே, பன்னிரண்டு வருஷமாகப் புதுப்பித்து வருகிறாளே என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் அவள் ஆதார் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போன வருஷமே வேலை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்றார். அச்செடுத்தும் கொடுத்தார். நான் எழுதிய அதே பாரம், நான் வாங்கிய அவள் கையெழுத்தோடு. மேலே இருந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். 'எந்தத் தொழிலும் இல்லாத பெண்களின் உறுதிமொழி' என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெள்ளைத்தாய் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கட்டு நாங்கள் சுற்றிய பேண்டேஜ்தான்.

இப்போது சொல். பேண்டேஜ் சுற்றுகிறவர்கள் என்று சேர்த்துக்கொள் என எழுதினேனே, ஏன் சேர்க்கவில்லை? மறந்துவிட்டாயா? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, நான் நம்பிக்கொள்கிறேன்.

அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளைத்தாய் விஷயம் கேட்டு மனசு சரியில்லை. கையில் இருந்ததை மணியார்டர் செய்திருக்கிறேன், அவளிடம் கொடு.

நீ கொஞ்சம் பெரிதாக யோசிக்க வேண்டும். வேலை இல்லாதவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருந்தால்தான் மானியம் என்பது விதி. பேண்டேஜ் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் விண்ணப்பம் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். நான் பொய் எதுவும் எழுதவில்லை, அவர்கள் சொன்னதைத்தான் கொடுத்தேன்.

மார்ச் 4-ஆம் தேதி ஆய்வுக் குழு உங்கள் தெருவுக்கே வருகிறது. அவர்கள் சரி என்றால்தான் இரண்டாம் தவணை, அப்போதுதான் கூடத்துக்கு மேல்தளம். முன்பு என்ன சொன்னார்களோ அதையே எல்லாரும் சொன்னால் போதும். அன்றைக்கு யார் வாசலிலும் பேண்டேஜ் கிடக்கவேண்டாம். கூடம் திறந்த பிறகு வெள்ளைத்தாய்க்கு ஏதாவது செய்யலாம், வாசலைக் கூட்டுகிற மாதிரி வேலை. அதுவரை நீ வாரியம், மனு என்று அலையாமல் கொஞ்ச நாள் சும்மா இரு அக்கா.

உன் தம்பி,
ராம்கி


ராஜபாளையம்
07.02.2025

ராம்கிக்கு,

மணியார்டரை வெள்ளைத்தாய் வாங்கவில்லை. தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சும்மா இரு என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா?

வெளியூர்க்காரன் ஒருவன் வந்து கேட்டு இப்படி எழுதியிருந்தால் நான் கோபப்படமாட்டேன். அவனுக்கு எங்கள் பேச்சு தெரியாது. நீ இந்தத் தெருவில் பிறந்தவன். இந்தக் கேள்வியைக் கேட்டால் எங்களில் ஒருத்திகூட வேறு பதில் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் அதைக் கேட்கச் சொன்னாய். அதற்கு என்னையே அனுப்பினாய். மறந்துவிட்டேன் என்று எழுதச் சொன்னேன், அந்தப் பொய்யைச் சொல்லக்கூட உனக்கு மனமில்லை.

நான்காம் தேதி வரச்சொல்.

பாண்டீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.03.2025

அக்காவுக்கு,

சந்தோஷம்தானே? இரண்டாம் தவணையை நிறுத்திவிட்டார்கள். கூடம் ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. இருநூறு குடும்பத்து வாயில் மண்ணைப் போட்டாய். கம்பெனியில் எல்லாவற்றையும் என் தலையில் கட்டி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அனுசியா ஆறு மாத கர்ப்பம், அது உனக்குத் தெரியுமா?

ஆமாம், தெரிந்துதான் கேட்கச் சொன்னேன். ஊருக்கு நல்லது வரும் என்று செய்தேன். கூடம் வந்திருந்தால் நீங்களே என்னைக் கும்பிட்டிருப்பீர்கள்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற 24-ஆம் தேதி விசாரணை அதிகாரி உன்னைக் கூப்பிடுவார். ராம்கி எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் அப்படி எழுதினேன் என்று எழுதிக் கொடுத்துவிடு. பேண்டேஜ் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்ன உன் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், பயப்படாதே. உன்னை யாரும் ஒன்றும் செய்யமுடியாது. என்னைப் போலவா, உனக்குப் பறிபோவதற்கு வேலை என்று ஒன்று இல்லையே.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

ராம்கி


ராஜபாளையம்
26.03.2025

ராம்கிக்கு,

நான்காம் தேதி நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ, நான் சொல்கிறேன்.

உனக்கு எதிராக ஒரு வாரம் எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "வேலையான்னு கேட்டா, பேண்டேஜ் சுத்துறோம்னு சொல்லுங்க" என்று வீடு வீடாகப் போனேன். சரி சரி என்றார்கள். அன்றைக்குக் காரிலிருந்து இறங்கியவர் தங்கமான மனுஷர், கையெடுத்துக் கும்பிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். பிச்சையம்மாள் அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு, "சும்மாதான்யா இருக்கோம்" என்றாள். அடுத்தவளும் அதுதான். வரிசையாகப் பன்னிரண்டு பேர், தலையில் பஞ்சும் விரலில் நூலுமாக நின்று சும்மா இருக்கோம் என்கிறார்கள். பயமும் இல்லை, பொய்யும் இல்லை. நாக்குக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. நீ கெட்டிக்காரன்தான் என்று அப்போது நினைத்தேன்.

பதின்மூன்றாவது வெள்ளைத்தாய். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பொறவுதான் கேட்டாள்: "சும்மா இருந்தா வெரலு எப்படிய்யா போகும்?"

அவர் அங்கேயே, பிச்சையம்மாள் அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போய் ரோலை எண்ணி எழுதினார். நான் ஒன்றும் செய்யவில்லை, கூட நடந்தேன்.

கூடம் நின்றுபோனதில் எனக்கும் பழி உண்டு. உண்மை. தெருவில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. "வாறத வாசலோட வெரட்டிட்டா" என்று பிச்சையம்மாள் அத்தை என் காது கேட்கவே சொல்கிறாள். வெள்ளைத்தாய் மனுவை வாரியத்தில் மறுபடி வாங்கியிருக்கிறார்கள், கொடுப்பார்களா தெரியாது. அவள் எடுத்துவைத்த இரண்டு சேலையும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

முந்தாநாள் விசாரணைக்குப் போனேன். என் கடிதத்தை நீ கிழித்துவிட்டாய். உன் கடிதம் ஒன்றைக்கூட நான் கிழித்ததில்லை, ஹாஸ்டலிலிருந்து எழுதிய முதல் கடிதம் தொட்டு எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் போன வருஷம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதியிட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். 'சொல்வதை அப்படியே எழுது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்' என்ற இடத்தை அவர் சிவப்பு மையில் கோடு போட்டார். நானும் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அதையும் மறைக்கவில்லை.

அனுசியாவுக்கு வளைகாப்பு என்றால் அவளே எழுதட்டும், வருவேன். நீ எழுதவேண்டாம். இனி உன் எழுத்தை நம்பி இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவையும் என்னால் தட்டமுடியாது.

கம்பெனியில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், சும்மா இருக்கிறேன் என்று சொல். முதலில் நாக்கு கூசும். எங்களுக்குப் பழகிவிட்டது, உனக்கும் பழகும்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி
வேலை: பேண்டேஜ் சுற்றுவது