பன்றியின் வாலும் என் வலது முழங்காலும்

2018 டிசம்பர் 11, செவ்வாய்

என் வலது முழங்காலைக் கெடுத்தது பன்றி அல்ல. கால்பந்து கிளப் தலைவர் ஆல்பின்.

இதை இன்றே எழுதி வைக்கிறேன். ஊரில் எல்லாரும் பன்றியைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ஆல்பினின் இறைச்சி ஆலை முற்றத்தில் வழக்கமான கோலினே, அதாவது பன்றி வெட்டும் விருந்து. இலையுதிர்காலத்துக் கடைசி ஆட்டம் முடிந்ததும் அவர் ஒரு பன்றியை வெட்டுவார். அணி முழுவதும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும். பன்றியின் காலைப் பிடிக்க நான்கு ஆலைக்காரர்கள் இருப்பார்கள். வாலைப் பிடிப்பது மட்டும் அதிக கோல் போட்டவன். வாலைப் பிடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆலைக்காரர்கள், ஆட்டக்காரர்கள், மேயர், பாதிரியார் எல்லாரும் கையில் பிராந்திக் கிளாஸோடு சுற்றி நின்று சிரிப்பார்கள். இதற்குப் பெயர் குடும்ப உணர்வாம்.

இந்த முறை முதலிடம் நெர்மினுக்கு. பதினொரு கோல். எனக்கு ஒன்பது. நெர்மின் போஸ்னிய முஸ்லிம் சுரங்கத் தொழிலாளியின் மகன், இந்த நாட்டிலேயே, வெலென்யேயில் பிறந்தவன், ஆல்பினைவிட நன்றாக எங்கள் ஸ்லோவேனிய மொழி பேசுவான். அவன் கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு வேலியோரம் நின்றான்.

"என்னப்பா நெர்மின், வாலுதானே? வாயிலயா வைக்கச் சொன்னேன்?" என்றார் ஆல்பின்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுத வேண்டும்.

பிறகு நான் போய் வாலைப் பிடித்தேன். நெர்மினைக் காப்பாற்றப் போனதாக இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். பொய். ஒரு தடவையாவது முதலாவது ஆளாக நிற்க ஆசை. பதினொன்று போட்டவன் மறுத்தால் ஒன்பது போட்டவன்தானே முதலாவது?

தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் சிமெண்ட் மேல் உறைந்திருந்தது. உப்பு தூவக்கூட ஒரு ஆளில்லை. பன்றி ஒரு உதறு உதறியது. என் கால் ஒரு பக்கம் போனது, உடம்பு இன்னொரு பக்கம். நூற்றைம்பது கிலோ முழங்கால் மேல் விழுந்தது. உள்ளே ஏதோ 'டப்' என்றது.

"பன்றி ஒண்ணு. யெர்னேய் பூஜ்யம்," என்றார் ஆல்பின்.

கை தட்டினார்கள். எழுந்திருக்க எனக்குக் கை கொடுத்தவன் நெர்மின் மட்டும்தான்.

டிசம்பர் 13

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். மாரிபோரில், கிளப் டாக்டர் டிராகோவுக்குத் தெரிந்த இடம். விடுமுறை நாள், பின்வாசல், ஆல்பினின் கார். பெயர் கேட்கவில்லை, காப்பீட்டு அட்டை கேட்கவில்லை. சிறப்புக் கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

இன்று டிராகோ சொன்னார்: "சின்னச் சுளுக்கு. மூணு வாரம்."

படத்தைக் காட்டச் சொன்னேன்.

"படத்த வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? நீ டாக்டரா?"

"கால் என்னோடது டாக்டர்."

"கால் உன்னோடது. படம் கிளப்போடது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டிசம்பர் 25

வீக்கம் குறையவில்லை. படியில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்குகிறேன்.

2019 ஜனவரி 7, திங்கள்

என்னை சைப்ரஸுக்கு விற்றுவிட்டார்கள்.

ஆல்பின் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தொடையைப் பிடித்துப் பார்த்தார். ஆலையில் வந்து இறங்கும் சரக்கையும் இப்படித்தான் பிடித்துப் பார்ப்பார். "இருபத்தேழு வயசு தம்பி உனக்கு. இதுக்கு மேல எவன் கேப்பான்? வெயில், கடல், பெரிய மைதானம். போய்ட்டு வா."

"முழங்கால் இன்னும் வலிக்குது தலைவரே."

"குளிருக்கு வலிக்கும். அங்க குளிர் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் கேளு. பன்றிக் கதைய அங்க சொல்லி வைக்காத. பன்றி தள்ளிவிட்ட ஸ்ட்ரைக்கர்னு பேர் வாங்கிடுவ. சாகற வரைக்கும் போகாது."

தலையாட்டினேன். அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அவர் என் வெட்கத்தைத் தொட்டார். அது எங்கே இருக்கிறது என்று அந்த ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

பதினேழு வயதிலிருந்து இந்தக் கிளப்பில் பத்து வருடம். நடுவில் ஆஸ்திரியாவில் ஒரு வருடம், பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்தது. இருபத்தோரு வயதுக்கு உட்பட்ட தேசிய அணியில் ஒரே ஒரு ஆட்டம், பதினான்கு நிமிடம். இந்த நாட்டில் பனிச்சறுக்குக்காரனுக்குத் தெருவில் தொப்பியைக் கழற்றுவார்கள். கால்பந்துக்காரனைப் பார்த்தால் "வேற வேலை ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் போகிறேன்.

ஜனவரி 10, லார்னகா

மருத்துவப் பரிசோதனை. காலையில் இரண்டு வலி மாத்திரை, வாசலில் இன்னொன்று. ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார்கள், குதித்தேன். குந்தச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினேன். எழும்போது புன்னகை வேறு.

டாக்டர் பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார், முன்பு முழங்காலில் அடி ஏதாவது?

இல்லை என்றேன்.

எங்கள் தொழிலில் டாக்டர் என்றால் போலீஸ் மாதிரி. கண்டதும் ஒளிந்துகொள்வோம். நோயைச் சொல்லத்தான் டாக்டரிடம் போவார்கள், உலகத்தில் நாங்கள் மட்டும் மறைப்பதற்குப் போகிறோம். பதினாறு வயதில் பழகிவிடுகிறது. பழக்குவது யார்?

பிப்ரவரி 17

ஐந்து ஆட்டம், நான்கு கோல். கடைத்தெருவில் காபிக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் பேர் தெரியாமல் 'நெட்டையன்' என்றவர்கள் இன்று சட்டையில் என் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த வாரம் அதே சட்டையால் தரை துடைப்பார்கள். தெரியும். தெரிந்தும் நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

நெர்மின் போனில் சொன்னான்: "வால் பிடிச்ச கை ராசியான கைடா."

ஆட்டம் முடிந்தால் ஐஸ் வாளியில் காலை விட்டபடி ஒரு மணி நேரம். அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

போய்விட்டது. அறுபத்திரண்டாவது நிமிடம். பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவன்கூட இல்லை. சுட்ட செங்கல் மாதிரி காய்ந்த தரை, நான் வெறுமனே திரும்பினேன், கால் திரும்பவில்லை.

நடிக்கிறேன் என்று நினைத்து எங்கள் ஆட்களே கூச்சலிட்டார்கள்.

மார்ச் 20

அதே கண்ணாடிக்கார டாக்டர். படத்தை வெளிச்சத்தில் மாட்டி என்னையும் பார்க்கச் சொன்னார். என் முழங்காலின் உட்பக்கத்தை முதல் தடவையாகப் பார்க்கிறேன். எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு நைந்த துணி போலக் கிடந்தது.

"இது ஞாயித்துக்கிழமை கிழிஞ்சது இல்ல. குறைஞ்சது மூணு மாசம் ஆச்சு. அப்பவே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப வெட்டித்தான் எடுக்கணும்."

வெட்டி எடுத்தால்?

"நடக்கலாம். மெதுவா ஓடலாம்."

கோச் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "உனக்குத் தெரியுமாடா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் அவரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தேன்.

மார்ச் 23

ஒப்பந்தம் ரத்து. காயத்தை மறைத்தேனாம். உள்ளூர் பத்திரிகை என்னைப் பொய்யன் என்று போட்டிருக்கிறது. நான் பொய்யன்தான். மூன்றாவது பொய்யன். முதல் இரண்டு பேரை யார் எழுதுவது?

ஏப்ரல் 4

அக்கா சிமோனா போன் செய்தாள். கிளப் அலுவலகத்தில் கடிதம், கோப்பு எல்லாம் அவள் பொறுப்பு. பத்து நிமிடம் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசினாள். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"டேய், ஒண்ணு சொல்றேன், கத்தாத. டிசம்பர்ல டிராகோ ஒரு உறை கொண்டாந்தாரு. படமும் ஒரு தாளும். கிழிசல், உடனே தைக்கணும்னு அதுல எழுதியிருந்துச்சு. நான் பாத்தேன். தலைவர் வாங்கி மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டாரு."

"நாலு மாசம் கழிச்சுச் சொல்ற."

"அவரே உன்கிட்ட சொல்வாருன்னு நெனச்சேன்."

"அதை எடுத்து அனுப்புக்கா."

"என் வேலையும் அவர்கிட்ட. உன் மச்சான் வேலையும் அவர் ஆலையில. நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

கத்தாதே என்றாள். கத்தினேன். போனை வைத்த பிறகு, யாரும் இல்லாத அறையில். அவள் மேல் கோபப்பட்டால் ஆல்பினுக்குத்தான் லாபம். ஆனாலும் அவள் மேல்தான் கோபம் வருகிறது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆளை அவர் வேலைக்கு வைத்திருப்பது சும்மாவா?

ஏப்ரல் 29

அறுவை சிகிச்சை முடிந்தது. ஊரில் இருக்கிறேன்.

மாரிபோர் போய் என் ஸ்கேன் படத்தைக் கேட்டேன். கணினியைத் தட்டிப் பார்த்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "டிசம்பர் ஒன்பது ஞாயித்துக்கிழமைங்க. எங்களுக்கு லீவு. உங்க பேர்ல யாரும் வரலையே."

மே 6

அக்கா டிராயரைத் திறந்து பார்த்தாளாம். சாவி எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. உள்ளே இருமல் மிட்டாய் டப்பா மட்டும்.

படத்தைக் கேட்டு ஆல்பினுக்கு நான் எழுதிய மூன்று கடிதமும் என்ன ஆயின என்று கேட்டேன். "நான்தான் பிரிச்சு அவர் மேஜையில வச்சேன். கிளாஸ் வைக்கிற தட்டா அதுதான் கிடக்கு," என்றாள்.

செப்டம்பர் 15

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியக் கிராமத்து அணி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எங்கள் பக்கத்தில் தேய்ந்து முடிந்த கால்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். பார்க்க வருகிறவர்கள் எண்பது பேர், ஆறு நாய்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒரு பல் டாக்டர், தொப்பை. என்னிடமிருந்து பந்தைப் பறித்துவிட்டு "மன்னிக்கணும்" என்கிறான். கோல் அடித்தால் டிராக்டரில் உட்கார்ந்தபடி ஹாரன் அடிக்கிறார்கள்.

இன்று நான் இரண்டு கோல் போட்டேன். நின்ற இடத்திலிருந்தே.

டிசம்பர் 6, வெள்ளி

நெர்மின் வந்தான். சமையலறையில் உட்கார்ந்து பீர் பாட்டிலின் தாளைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். இந்த முறையும் அவன்தான் முதலிடம், பன்னிரண்டு கோல். ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது.

"நாளைக்குக் கோலினே. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடலாம்னு சொன்னாரு. போன வருஷம் மாதிரி வேற எவனையாவது அனுப்பாத, அணியில ஒருத்தன்னா எல்லாத்துலயும் ஒருத்தனா இருக்கணும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பொண்ணு பொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. என்ன சொல்வேன்?" பிறகு, "நான் ஒண்ணும் பெரிய பக்திமான் இல்லடா. இதோ பீர் குடிக்கிறேன். வாலைத் தொட்டா செத்துட மாட்டேன். ஆனா அவங்க அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்காங்க. இந்தத் தெற்கத்தியான், போஸ்னியாக்காரன், தொடறதப் பாத்துச் சிரிக்கணும்னு. அதான் தாங்கல."

போன வருடம் நானும் சிரித்தேன் என்றேன்.

"தெரியும். பாத்தேன்," என்றான். பாட்டிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

டிசம்பர் 7, சனி

போனேன். யாரும் அழைக்கவில்லை. கேட்டில் இருந்த ஆள் என் மச்சான். என்னைப் பார்த்ததும் குனிந்து பூட்ஸைச் சரிசெய்தான், நான் உள்ளே போகும்வரை நிமிரவில்லை.

இந்த வருடம் சிமெண்ட் தரையில் உப்பு தூவியிருந்தார்கள். வெள்ளையாக, தாராளமாக.

நெர்மின் கையுறை போட்டு, பன்றிக்குப் பின்னால் தயாராக நின்றான். மேயர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நொண்டிக்கொண்டே போய் நெர்மினுக்கும் பன்றிக்கும் நடுவில் நின்றேன். "நீ தள்ளிக்க," என்றேன்.

"வாய்யா சைப்ரஸ் சிங்கமே," என்றார் ஆல்பின். "ஒரு வருஷமா வால் ஞாபகமாவே இருந்தியா?"

சிரித்தார்கள். முடியட்டும் என்று நின்றேன்.

"நானே பிடிக்கறேன் தலைவரே. முதல்ல போன வருஷம் எடுத்த என் ஸ்கேன் படத்தக் குடுங்க."

"என்ன படம்?"

"டிசம்பர் ஒன்பது. உங்க கார்ல கூட்டிட்டுப் போனீங்க. டாக்டரும் இங்கதான் நிக்கிறாரு, கேளுங்க."

டிராகோ கிளாஸுக்குள் பார்த்தார். பாதிரியார் டிராகோவைப் பார்த்தார்.

"தம்பி குடிச்சிருக்கான்," என்றார் ஆல்பின், கூட்டத்தைப் பார்த்து.

ரொட்டித் தட்டோடு வாசலில் நின்றிருந்த அக்கா, "குடிக்கல. நானும் அந்தப் படத்தப் பாத்தேன்," என்றாள். பெரிய குரல் இல்லை. ஆனால் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது.

நெர்மின் ஒரு கையுறையைக் கழற்றினான். பிறகு மற்றதையும். இரண்டையும் வேலி மேல் வைத்துவிட்டு, கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கசாப்புக்காரர் கத்தியோடு நின்றார். "தலைவரே, வாலை யாரு பிடிக்கறது?"

அணியில் இருபத்து மூன்று பேர். ஒருவரும் நகரவில்லை. காலைப் பிடித்திருந்த ஆட்களில் ஒருவர் கையை விட்டார். பன்றி உப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

நான் மறுபடியும் கேட்டேன்.

"என் படம் எங்க, தலைவரே?"