தலைமாட்டில் ஆறு அங்குலம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? போன் செய்தால் "இந்தா, உன் மக" என்று அம்மாவிடம் நீட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நீட்ட முடியாதில்லையா, அதனால்தான் எழுதுகிறேன். என் கல்யாணத்துக்கு வரவில்லை, சரி. இரண்டு வருடமாக என்னோடு பேசவில்லை, அதுவும் சரி. இப்போது எனக்கு ஏழாம் மாதம். இன்னும் எத்தனை நாளைக்கு அப்பா?

வயிற்றில் இருப்பது சமர்த்து. நெஞ்செரிச்சல்தான் உயிரை வாங்குகிறது. அச்சகத்தில் குனிந்து பிழை திருத்தினால் தொண்டை வரை புளித்துக்கொண்டு ஏறுகிறது. பக்கத்து மேசை அக்கா சமையல் சோடாவைக் கரைத்து நீட்டினாள். நல்லவேளை, குடிக்கவில்லை. "அதையெல்லாம் தொடாதே. மருந்து வேணும்னா நான் எழுதித் தரேன், நீயா வாங்காதே" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாதாம். கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்த வேண்டுமாம். இவர் செங்கல் வைத்துத் தந்திருக்கிறார். புரண்டு படுத்தால் கட்டில் ஆடுகிறது.

உங்கள் மகள்

மார்ச் 11

செங்கல்லை இன்றைக்கே எடு. வைத்தவரிடமும் சொல், அது வழுக்கும். தச்சுப்பட்டறைக்காரன் மகள் செங்கல்மேல் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். மரக்கட்டைதான் வைக்க வேண்டும், கட்டில் கால் உட்காரக் குழி எடுத்து. காலின் கனத்தை அளந்து எழுது, பார்சலில் அனுப்புகிறேன். அதற்குள் தலையணையை அடுக்கிவைத்துப் படுக்காதே, வயிறுதான் மடங்கும்.

உன் அம்மா உன்னைப் பால் குடிக்கச் சொல்கிறாள். டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடி.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். நான் அதை நாலு தடவை படித்துவிட்டேன்.

செங்கல்லை எடுத்தாயிற்று. நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறேன். அளந்து தருகிறேன் என்று இவர் நாடாவோடு வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பார்சல் வந்தால் கட்டில் சரியாகிவிடும். ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும் அப்பா. பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். நான் அளவு அனுப்ப மாட்டேன்.

உங்கள் பிடிவாதக்காரி

மார்ச் 24

அன்புள்ள மகளுக்கு,

இந்தப் பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மா கேட்கிறாள். நான் உளி தீட்டப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கட்டை, உளி, ரம்பம் எல்லாம் கொண்டுவருகிறேன். நாற்காலியில் தூங்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, இன்னும் நாலு நாள்தான்.

கட்டிலைத் தூக்கினால்தான் கட்டையை அடியில் தள்ள முடியும். நீ கையே வைக்கக் கூடாது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். மறுபக்கம் பிடிக்க மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்.

அப்பா