கடைசி மனை காலியாகக் கிடக்கும் வரை

மச்சாகோஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முசெம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. கனடாப் பனிக்குள் நீ சுகமாயிருக்க வேண்டுமென்று கர்த்தரிடம் தினமும் சொல்லிவைக்கிறேன், அவருக்கே கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் உனக்கு வர வேண்டாம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து வந்து கதவைத் தள்ளி உள்ளே போய், செருப்பைக் கழற்றிப் போட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால் ஒருத்தி துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான்தான் முந்திக்கொண்டு, "யாருடி நீ, என் வீட்டுல வந்து குளிக்கிறே?" என்று சத்தம் போட்டேன். பார்த்தால் நெகேசா, மூன்று வீடு தள்ளி இருப்பவள். "முசெம்பி அம்மா, வந்தது வந்தீங்க, எனக்கும் சேர்த்து ஒரு கோப்பை போடுங்க" என்றாள். என் மேல் என்ன தப்பு, நீயே சொல். இந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பாலாடை நிறச் சுவர், பழுப்பு ஓடு, பழுப்புக் கதவு. அதனால் நம் கதவுக்கு மட்டும் நீலச் சாயம் அடிக்கலாமென்று டப்பாவும் வாங்கிவிட்டேன். பிரஷ்ஷை நனைப்பதற்குள் சங்கத் தலைவர் வஞ்சோஹி விதிப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார். எத்தனை நாளைக்கு ஐயா இந்தக் கட்டுப்பாடு, நான் சாகிற வரைக்குமா, என் சவப்பெட்டியும் பழுப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். கூட்டத்தில் வாசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை வாசித்தார். சட்ட எழுத்தெல்லாம் எனக்கு ஓடாது, அவர் விளக்கியது இதுதான். கடைசி மனையிலும் வீடு எழும்புகிற வரைக்கும்தான் விதி எல்லாரையும் கட்டுமாம், அப்புறம் அவரவர் இஷ்டமாம். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் பலமாகத் தட்டினேன். பிறகுதான் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காலியாகக் கிடக்கிற ஒரே மனை உன்னுடையதுதானே, கல்யாணம் முடிந்ததும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே கட்டுவேன் என்று நீ வாங்கிப் போட்டது. அன்றிலிருந்து வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஒருத்திக்கு ரோஜா நிறச் சுவர் வேண்டும், ஒருவருக்கு வாசலில் பந்தல் வேண்டும், எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். "உங்க பிள்ளை பொண்ணு பாக்கிறானா, இல்ல சூளையில வச்சுச் சுட்டெடுக்கச் சொல்லியிருக்கானா?" என்கிறாள் நெகேசா. டிசம்பரில் வருகிறான் என்று சொல்லிவைத்தேன். மூன்று டிசம்பராக அதையேதான் சொல்கிறேன், பாதிப் பேராவது மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் மறக்கவில்லை. மனையைக் கேட்டு ஓர் ஆள் இருக்கிறாராம், வாங்கின கையோடு கட்டிவிடுவாராம், வஞ்சோஹி மெதுவாக வந்து சொன்னார்.

மகனே, வர மாட்டாய் என்றால் நேராகச் சொல்லிவிடு. அழ மாட்டேன், அழுதாலும் அங்கே உனக்குக் கேட்காது. விற்றுவிடலாம், எல்லாருக்கும் விடுதலை. வருவாய் என்றால் அதையும் சொல், எத்தனை வருஷமானாலும் பழுப்புக் கதவோடு இருந்துகொள்கிறேன், வழி தவறினால் நெகேசா வீட்டில் தேநீர் இருக்கிறது. இன்னும் ராத்திரிக்கு இரண்டு பேருக்குத்தான் சோளமாவு உகாலி கிளறுகிறேன், கை பழகிவிட்டது, மிச்சத்தைக் காலையில் தின்கிறேன். சாயங்காலமானால் உன் மனையில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். கல் வைத்து அறைகளைப் பிரித்திருக்கிறேன், சமையலறை என் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது, உன் பெண்டாட்டி வந்து மாற்றிக்கொள்ளட்டும்.

காதை மூடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். பனியைப் படம் பிடித்து அனுப்பினால் அது பதில் ஆகாது, இரண்டு வரி எழுது.

உன் அம்மா,
சியோம்புவா

பி.கு.: நேற்று உன் வரவேற்பறையில் நாற்காலியின் கால் ஒன்று எலி வளைக்குள் இறங்கிவிட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். தேநீர் உன் படுக்கையறை வரைக்கும் ஓடிவிட்டது.