கேட்டைத் திறக்க இனி ஓடமாட்டேன்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் பழைய இன்ஜின் ஆயிலின் வாசனை முகத்தில் அடித்தது. மே மாதம் பாதி போய்விட்டது. நம் லம்பா லைன் பகுதியில் வீட்டுக்கு வீடு வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தி, அதன் அடிவயிற்றுக்குக் கறுப்பு ஆயில் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தமானில் மழை இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வருடாந்திர அவசரம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் வாசனை.

நான் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் உங்கள் தம்பி ஆயில் டின்னோடு வந்து நின்றார்.

"அண்ணி, சாவி குடுங்க. நம்ம வண்டிக்கும் அடிச்சு வுட்டுடறேன். பாரிஷ் எப்ப வேணா கொட்ட ஆரம்பிச்சுடும்."

"வேண்டாம் தம்பி. வண்டிய மாத்தப் போறேன்."

டின்னைக் கீழே வைத்தார். "அன்னிக்கு சும்மா பேசுறீங்கன்னு நெனச்சேன். நெஜமாவே மாத்தறீங்களா?"

"வண்டூர் ரிசார்ட்ல ஒரு ஹைப்ரிட் கார் சும்மா நிக்குது. வீட்டுல ப்ளக் போட்டு சார்ஜ் பண்ணலாம். கொஞ்ச தூரம் பேட்டரியில ஓடும், அதுக்கு மேல பெட்ரோல். அவங்களுக்கு லோடு எடுக்க டீசல் வண்டி வேணுமாம். பழசுக்குப் பழசு, மாத்திக்கறோம்."

"அரே அண்ணி! அண்ணன் வண்டிய?"

அந்த 'அண்ணன் வண்டி'யை அவர் சொன்ன விதம், ஏதோ கோயில் விக்கிரகத்தை நான் பழைய இரும்புக்குப் போடுகிற மாதிரி இருந்தது. டின்னை வாசலிலேயே விட்டுவிட்டுக் கோபமாகப் போய்விட்டார். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அனுமதி கேட்க எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். தெரிவிக்கிறேன். எப்படியும் நீங்கள் மறுத்துப் பேசுவீர்கள். பேசுங்கள், பதில் வைத்திருக்கிறேன்.

வண்டியின் பின்பக்கம் மடித்து வைத்த நீலத் தார்ப்பாய் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்த ஊரில் யார் வண்டி வாங்கினாலும் உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் பெயின்ட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டீர்கள், சீட்டில் உட்கார்ந்து பார்க்க மாட்டீர்கள். தார்ப்பாயை விரித்து, டார்ச்சோடு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவீர்கள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். "மூஞ்சிய எவன் வேணா கழுவி வெப்பான். வயித்தப் பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வண்டியின் சொந்தக்காரர் நெளிந்துகொண்டு நிற்பார். நான் உங்கள் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த மனிதரை எதற்குக் கட்டிக்கொண்டோம் என்று யோசிப்பேன்.

அந்தப் பெரிய டீசல் வண்டியை நீங்கள் வாங்கியபோது நான் சண்டை போட்டேன். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரியது என்றேன். மூட்டை சிமென்ட்டும் கம்பியும் ஏற்ற வேண்டாமா என்றீர்கள். காண்ட்ராக்டர் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது என்றும் சொன்னீர்கள். ஆனால் எனக்குக் காட்டைத் தாண்டி வடக்கே ரங்கத்துக்கு மாற்றல் வந்தபோது, அந்த வண்டிதான் என் குடித்தனத்தையே சுமந்தது. கட்டில், காஸ் அடுப்பு, என் புத்தகப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில், வண்டிகளை வரிசையாகக் காட்டுக்குள் அனுப்பும் கான்வாய் திறக்கக் காத்து நின்றோம். முன்னால் நின்ற பளபளப்பான காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "க்யா பாய், காடி ஹை யா ட்ரக்?" என்று கிண்டல் செய்தார். காரா லாரியா என்று அவர் கேட்டதற்கு நீங்கள் சிரித்துக்கொண்டே, "ட்ரக் ஹீ சமஜ் லோ. உதர் ஃபஸ் கயா தோ ரஸ்ஸி மேரே பாஸ் ஹை" என்றீர்கள், வழியில் சிக்கினால் இழுக்க என்னிடம் கயிறு இருக்கிறது என்று. அன்று மாலைக்குள் அவர் கார் சேற்றில் மாட்டியது, உங்கள் கயிற்றில்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வாராவாரம் அந்தச் சாலையில் என்னைப் பார்க்க வந்தீர்கள். படகுத்துறையில் காத்து, காட்டைக் கடந்து, முதுகு வலியோடு வந்து இறங்கி, "சோறு இருக்கா?" என்று மட்டும் கேட்பீர்கள். அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொன்னதில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

ஒரு முறை வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "இவன் வேலைக்காரன்மா. சும்மா உக்கார வெச்சா செத்துப்போவான்."

இப்போது பாருங்கள், அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் போய் மூன்றாவது மழைக்காலம் வரப்போகிறது. மாற்றல் முடிந்து நான் போர்ட் பிளேயருக்கே வந்துவிட்டேன். சிமென்ட் ஏறிய இடத்தில் என் கைப்பையும் டிபன் பாக்ஸும் போகின்றன. வீட்டிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து மீன் மார்க்கெட்டுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. இன்ஜின் சூடாவதற்குள் நான் இறங்கிவிடுகிறேன். குட்டி தூரத்துக்கு டீசலை ஓட்டினால் புகைக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று சொன்னது நீங்கள்தான். அடைத்துக்கொண்டது. விளக்கு எரிகிறது, புகை வருகிறது, பத்துபஸ்தியில் நம் மெக்கானிக்கிடம் மாதம் தவறாமல் போய் நிற்கிறேன்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? பொம்பளை ஒருத்தி இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள், தள்ளிவிடு. நான் அதை ஓட்டினேன். மேட்டுச் சாலையில், மழையில், ரிவர்ஸில், அவர்கள் கண் முன்னாலேயே ஓட்டினேன். இப்போது அதே வாய்கள், அவர் ஞாபகார்த்தமாயிற்றே, அதைப் போய்க் கொடுக்கலாமா என்கின்றன. வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். உங்கள் தம்பி ஆயுத பூஜையன்று உங்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை டாஷ்போர்டில் ஒட்டிச் சந்தனம் வேறு வைத்துவிட்டார். கியர் மாற்றும்போதெல்லாம் நீங்கள் என்னை முறைக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு முறைத்ததில்லை.

சரி, உங்கள் கட்சிக்கு வருவோம். இங்கே சர்வீஸ் சென்டர் இல்லை, ஒரு பாகம் வேண்டுமென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பீர்கள். உங்கள் டீசலுக்கும் காத்திருந்தோமே. பேட்டரி பழசு என்பீர்கள். பழசுதான், புதிதில் ஓடிய தூரம் இப்போது ஓடாது என்று அவர்களே சொன்னார்கள், ஆனால் ஆபீசுக்குப் போய்வர அது போதும். கரண்ட் போனால்? பெட்ரோலில் போவேன். அப்புறம் போன வாரம் உங்கள் தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது, கரண்டில் ஓடும் கார் வாங்கலாமா என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதற்கு அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை நீங்கள்தான் அவர் காதில் ஓதியிருக்க வேண்டும்.

"அண்ணி, இங்க பிஜ்லியே டீசல் பவர் ஹவுஸ்ல இருந்துதான் வருது. டீசல் வண்டிய குடுத்துட்டு டீசல் கரண்ட்ல ஓட்டப் போறீங்களா? க்யா ஃபாய்தா?"

என்ன லாபம் என்கிறார். நல்ல கேள்வி. இங்கே மின்சாரத்தில் பெரும்பங்கு டீசலில்தான் வருகிறது, எனக்குத் தெரியும். நான் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அப்படியானால் எதற்கு என்று கேட்டார். மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன்.

அந்தக் காரைப் பார்க்கப் போனபோது உங்கள் தார்ப்பாயை எடுத்துப் போனேன். ரிசார்ட் மேனேஜர் மலையாளி, நல்ல மனிதர். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். "உள்ள இருந்து பாருங்க சேச்சி, ஏசி நல்லா இருக்கு" என்றார். நான் தார்ப்பாயை விரித்துப் படுத்தேன். பதறிவிட்டார். "சேச்சி, சேலை!" என்றார். சேலை போனால் போகட்டும் என்று உள்ளே நுழைந்தேன்.

அடியில் முழுக்க ஒரே கறுப்பு. இந்தத் தீவின் வழக்கப்படி யாரோ அதற்கும் பழைய ஆயில் பூசிவிட்டிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் தனியாகத் தெரிய வேண்டிய மின்சாரக் கேபிளைக்கூட விட்டுவைக்கவில்லை. கூட வந்த நம் மெக்கானிக் எட்டிப் பார்த்து, "பாபி, கை மத் லகாவ், கரன்ட் மாரேகா!" என்று, தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் ரெண்டு அடி பின்னால் நகர்ந்தார். சென்னையில் இந்த மாதிரி வண்டிகளைப் பழுது பார்க்கிற பெண் ஒருத்தியைப் போனில் பிடித்து, அவள் சொல்லச் சொல்ல வீடியோவில் காட்டினேன். நான் எதையும் தொடக்கூடாது என்றாள். மெயின் சுவிட்சைத் துண்டித்த பிறகு ரிசார்ட்டின் எலக்ட்ரீசியன் கையுறை போட்டுக்கொண்டு துணியால் துடைத்தார். கேபிள் ஆரஞ்சாகவே இருந்தது, இணைப்புகளுக்குள் ஆயில் போகவில்லை. ரப்பர் புஷ்கள் மட்டும் ஊறிப் பருத்திருந்தன, மாற்ற வேண்டும். ஆனால் இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. "ஏங்க, யாருங்க இந்த வேலை பாத்தது? ஹைப்ரிட்டுக்குப் போயி ஆயில் அடிச்சிருக்காங்க!" என்று அந்தப் பெண் சிரித்தாள். எங்க ஊர் ஆள்தான் என்றேன். ஏனோ கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதும் நான் முடிவு செய்யவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் காரணம் எனக்கே பிடிபடவில்லை.

அது பிடிபட்டது நேற்று மாலை. ஃபெரார்கஞ்சில் உங்கள் தம்பிக்கு ஏதோ வேலை. நம் வண்டியைக் கேட்டார், கொடுத்தேன். சாவியை என் கையால் கொடுத்தேன், அவர் ஏறிப் போனதைப் பார்த்தேன். இங்கேதான் சீக்கிரம் இருட்டிவிடுமே. நான் உள்ளே வந்து அடுப்பில் குழம்பை வைத்திருந்தேன். தெரு முனை மேட்டில் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. கியர் குறைத்து, ஒரு உறுமல், பிறகு நம் வாசலை நோக்கி இறங்கும் சத்தம். நீங்கள் ஒருநாளும் ஹார்ன் அடித்ததில்லை. அந்தச் சத்தமே போதும், நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து கேட்டைத் திறப்பேன். மழையென்றாலும் குடை எடுக்காமல் ஓடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான்.

நேற்றும் ஓடினேன். கரண்டியோடு ஓடினேன். கேட்டின் கொக்கியை எடுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, சிரித்த முகமாக நின்றேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. வண்டி உள்ளே வந்தது. உங்கள் தம்பி இறங்கினார். "தேங்ஸ் அண்ணி, நானே தொறந்திருப்பேனே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எதுவோ புரிந்திருக்க வேண்டும். சாவியைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

இதுதான் என் ஃபாய்தா. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். அந்தச் சத்தத்துக்கு நான் இனி ஓட மாட்டேன். நீங்கள் இல்லாத வண்டிக்குக் கேட்டைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன். உங்களை மறக்கப் பார்க்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். மறக்கிறவள் கரண்டியோடு ஓடுவாளா?

அதனால் இன்று, உங்கள் தம்பி கோபித்துக்கொண்டு போன பிறகு, வண்டூருக்கு வண்டியை எடுத்தேன். போட்டோவை உரித்தேன், சந்தனம் என் நகத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பயணம் என்று அழவில்லை. கியரை உங்களைப் போலவே கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் பையன்கள் இருவர் வந்து, சாவி கைமாறுவதற்கு முன்பே, பின்கதவைத் திறந்து அரிசி மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் வேலைக்காரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. தார்ப்பாயை மட்டும் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். "அதும் வண்டியோட இல்லையா சேச்சி?" என்றார் மேனேஜர். "இது வண்டியோட இல்லை. என்னோட" என்றேன்.

திரும்பி வரும்போது தெரு முனை மேட்டைப் பேட்டரியிலேயே ஏறினேன். டயர் உருளும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. உங்கள் தம்பி திரும்பி வந்து, தன் ஆயில் டின்னுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிக் கேட்டில் கை வைத்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"எப்ப வந்தீங்க அண்ணி? சத்தமே கேக்கல!"

"கேக்க வேண்டாம்னுதான் தம்பி."

அவர் கேட்டைத் திறக்க வந்தார். வேண்டாம் என்றேன். நானே திறந்தேன், நானே வண்டியை உள்ளே விட்டேன், நானே மூடினேன். பிறகு தார்ப்பாயை விரித்தேன். இந்த மழைக்கு முன்னால் வயிற்றை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். அதில் மல்லாக்கப் படுத்தபோது தலைமாட்டில் உங்கள் வாசனை அப்படியே இருந்தது, டீசலும் வியர்வையும் கருகிய ஆயிலும். பிறகு டார்ச்சைப் போட்டேன்.

வெளியே உங்கள் தம்பி என் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அண்ணி, இந்த ஆயில என்ன பண்ண?"

"இதுக்கு ஒரு சொட்டு படக்கூடாது" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "உன் ஸ்கூட்டருக்கு அடி!"